படத்தில் பார்த்த நீலம் நேரில் ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி: படங்களில் கண்ணைப் பறிக்கும் நீலமாக இருக்கும் ஏரிகளுக்கும் கடற்கரைகளுக்கும் ஆசையாகப் போனால், பாதி இடங்களில் சாம்பல் நிறமோ பாசிப்பச்சையோதான் இருக்கிறது. படங்கள் எல்லாம் பொய்யா? நிஜமாகவே நீலமான தண்ணீரைப் பார்க்க எங்கே போக வேண்டும்?

படங்களில் கொஞ்சம் பொய் உண்டுதான். நிறத்தைக் கூட்டுவது இன்று ஒரு விரல் வேலை. ஆனால் ஏமாந்து திரும்புகிறவர்களில் பலர் சரியான இடத்துக்குத்தான் போயிருப்பார்கள்; மாதமோ நேரமோ நின்ற இடமோ தப்பியிருக்கும். எங்கே என்று எல்லோரும் கேட்கிறார்கள், எப்போது என்று கேட்பவர்கள் குறைவு. தண்ணீர் நீலமாவதற்கு ஐந்தாறு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம், ஒரு வேளை. நீங்கள் போகும் இடத்து நீலம் எந்த வகை என்று தெரிந்துவிட்டால், எப்போது போவது என்பதும் தெரிந்துவிடும்.

வானத்தின் நிறம்தான் தண்ணீரில் தெரிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சிறு பங்குதான். நேர் கீழாகக் குனிந்து பார்க்கும்போது நீர்ப்பரப்பு திருப்பி அனுப்புவது 2 சதவீத ஒளியை மட்டுமே. தண்ணீருக்குச் சொந்தமாகவே லேசான நீல நிறம் உண்டு: சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு நீலத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. டம்ளரில் ஊற்றினால் தெரியாது, சில மீட்டர் ஆழமாவது வேண்டும். அந்த நீலம் நம் கண்ணுக்கு வர இரண்டு நிபந்தனைகள். ஒன்று, தண்ணீரில் பாசி நுண்ணுயிர்கள் அதிகம் இருக்கக் கூடாது. அவற்றின் பச்சையம் நீல ஒளியைத் தின்றுவிடும், தண்ணீர் பச்சையாகும். இரண்டு, உள்ளே போன ஒளியை மேலே திருப்பி அனுப்ப ஏதாவது இருக்க வேண்டும்: வெள்ளை மணலோ, மிதக்கும் நுண்துகளோ, அதுவும் இல்லையென்றால் நல்ல ஆழமோ. இதில் ஒரு வேடிக்கை, நீலக் கடல் என்பது பெரும்பாலும் ஏழைக் கடல். சத்து நிறைந்து மீன் கொழிக்கும் கடல்கள் பச்சையாக இருக்கும். வெப்பமண்டல நடுக்கடல் கருநீலமாக இருப்பது அங்கே சத்து குறைவு என்பதால்தான்.

பெரும்பாலோர் மனதில் இருக்கும் நீலம் வெள்ளை மணல் நீலம். மாலத்தீவு, லட்சத்தீவு, போரா போரா, பஹாமாஸின் எக்சூமா தீவுகள் எல்லாம் இந்த வகை. ஒளி இரண்டு மூன்று மீட்டர் இறங்கி, வெள்ளைத் தரையில் பட்டு, மறுபடி அதே தூரம் ஏறி வருகிறது. அதற்குள் சிவப்பு மட்டும் தேய்ந்துபோக, மிஞ்சுவது வெளிர் பச்சைநீலம். ஆழம் கூடக்கூடப் பச்சை குறைந்து, பவளத்திட்டின் விளிம்பைத் தாண்டியதும் ஒரே கோட்டில் கருநீலமாகிவிடும். (அந்த வெள்ளை மணலில் நல்ல பங்கு, கிளிமீன்கள் பவளத்தைக் கொறித்துத் தின்று கழித்த துகள். தேனிலவுப் படங்களில் யாரும் இதைச் சொல்வதில்லை.)

இந்த நீலத்தின் முதல் எதிரி மேகம். சூரியனை ஒரு மேகம் மறைத்தால் அரை நிமிடத்தில் நிறம் செத்துவிடும், மேகம் விலகியதும் திரும்பி வரும். எனவே வறண்ட பருவம்தான் கணக்கு. மாலத்தீவில் அது டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. அதிலும் பிப்ரவரி, மார்ச் இரண்டும் நம்பகமானவை. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று: மேகம், அலை, தண்ணீரில் மிதவை உயிரிகள். ஆனால் அந்த மிதவை உயிரிகளைத் தின்னத்தான் மாண்டா திருக்கைகள் கூட்டமாகப் பா பவளத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவுக்கு வருகின்றன. நிறம் வேண்டுமா, திருக்கை வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே பயணத்தில் இரண்டும் முழுதாகக் கிடைப்பது அபூர்வம். போரா போரா தெற்கு அரைக்கோளத்தில் இருப்பதால் மே முதல் அக்டோபர் வரைதான் அங்கே வறண்ட பருவம். லட்சத்தீவுக்கு அக்டோபர் முதல் மே நடுப்பகுதி வரை போகலாம். இந்தியக் குடிமக்களுக்கும் நுழைவு அனுமதி தேவை. விமான நிலையம் அகத்தியில் மட்டும்தான் உண்டு, மற்றத் தீவுகளுக்குக் கப்பலோ படகோ பிடிக்க வேண்டும்.

மாலத்தீவில் தீவைத் தேர்ந்தெடுக்கும்போது நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. சில தீவுகளைச் சுற்றி அகலமான காயல் இருக்கும்: எங்கு பார்த்தாலும் வெளிர்நீலம், இடுப்பளவு தண்ணீர். வேறு சில தீவுகளில் பவளத்திட்டின் விளிம்பு கரையிலிருந்து முப்பது நாற்பது மீட்டரிலேயே வந்துவிடும். அங்கே மீன் பார்க்கக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கரையிலிருந்தே இறங்கிவிடலாம், ஆனால் படத்தில் பார்த்த அகண்ட வெளிர்நீலம் இருக்காது. விடுதியின் இணையதளத்தை நம்பாமல், செயற்கைக்கோள் வரைபடத்தில் தீவைப் பெரிதாக்கி, சுற்றியிருக்கும் வெளிர் வளையம் எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் என்று பாருங்கள். அறை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதையும் அதிலேயே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கடல் ஏற்றமும் வற்றமும் இன்னொரு கணக்கு. ஆஸ்திரேலியாவின் வைட்ஹேவன் கடற்கரை 7 கிலோமீட்டர் நீளம், மணல் ஏறக்குறைய சுத்த சிலிக்கா. அதன் வடமுனையில் ஹில் இன்லெட் என்ற முகத்துவாரத்தில் வெள்ளையும் நீலமும் கலந்து சுழித்துக் கிடக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுழிகள் தெளிவாகத் தெரிவது தண்ணீர் வற்றியிருக்கும்போது, டங் பாயிண்ட் குன்றின் மேலிருந்து. ஏற்றத்தின்போது போனால் சாதாரண நீல விரிப்புதான். சுற்றுலாப் படகுகள் ஒரு நாளில் பல நேரங்களில் கிளம்பும். கடல் ஏற்ற வற்ற நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுப் படகைப் பதிவு செய்ய வேண்டும், பலர் செய்வது தலைகீழ். நவம்பர் முதல் மே வரை கொட்டும் சொறிமீன்கள் வரும் காலம், உடல் முழுக்க மூடும் உடை இல்லாமல் இறங்கக் கூடாது. சேஷல்ஸின் லா டீக் தீவில் உள்ள ஆன்ஸ் சூர்ஸ் தர்ஜானில் நிலைமை நேர்மாறு: வற்றத்தில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே போய்விடும், நிறமும் குளியலும் ஏற்றத்தில்தான்.

கரீபியன் பக்கம் போவதானால் சர்காசம் என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மிதக்கும் பழுப்புக் கடற்பாசி அது. 2011 முதல் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் பெருங்குவியல்களாகக் கரை ஒதுங்குகிறது, மார்ச் வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் வரை தொல்லை அதிகம். மெக்சிகோவின் துலும், கான்குன் போலக் கிழக்கு நோக்கிய கடற்கரைகளில் தண்ணீர் தேநீர் நிறமாகி, பாசி அழுகி முட்டை நாற்றமும் வரும். அதே நாளில் கோசுமெல் தீவின் மேற்குக்கரை பளிங்காக இருக்கலாம். அதனால் ஊரைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பது இங்கே முக்கியம்.

புகழ்பெற்ற சில கடற்கரைகளில் இப்போது இறங்கவே முடியாது, அல்லது பாதிதான் முடியும். தாய்லாந்தின் மாயா விரிகுடா 2018 ஜூனில் மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. இப்போதும் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடுகிறார்கள். திறந்திருக்கும் நாட்களிலும் நீந்த அனுமதியில்லை. கிரேக்கத்தின் நவாஜியோவில், அந்தத் துருப்பிடித்த கப்பல் கிடக்கும் கரையில், பாறைச் சரிவு ஆபத்தால் இறங்கத் தடை. படகிலிருந்து தள்ளி நின்று பார்க்கலாம். பழைய பயணக் கட்டுரைகளை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மணல் நீலத்திலேயே விசித்திரமானது பிரேசிலின் லென்சோயிஸ் மாரன்யென்சிஸ். பாலைவனம் போன்ற வெண்மணல் மேடுகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான நன்னீர்க் குட்டைகள். ஆண்டின் முதல் பாதியில் பெய்யும் மழைதான் அவற்றை நிரப்புகிறது. ஜூன் கடைசி முதல் செப்டம்பர் தொடக்கம் வரை நிறைந்து நிற்கும், நவம்பரில் போனால் பெரும்பாலும் வெறும் மணல். மழைக்காலத்தைத் தவிர்த்தால் போதும் என்று நினைத்து வறட்சியின் உச்சத்தில் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது பனியாற்று ஏரிகள். இங்கே தெளிவான தண்ணீர் என்ற நினைப்பையே விட்டுவிட வேண்டும். பனியாறு மலைமேல் நகரும்போது அடியிலுள்ள பாறையை அரைக்கிறது. திருகையில் அரைத்த மாவு மாதிரி நுண்ணிய தூள் உருகுநீரோடு ஏரிக்கு வந்து, அடியில் தங்காமல் வாரக்கணக்கில் மிதக்கிறது. சிவப்பைத் தண்ணீர் எடுத்துக்கொள்ள, மிஞ்சிய நீலத்தையும் பச்சையையும் இந்தப் பாறைமாவு சிதறடிக்கிறது. விளைவு, பால் கலந்த மாதிரி ஒளிபுகாத ஒரு மயில்நீலம். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவிலுள்ள லூயிஸ், மொரெய்ன், பேட்டோ ஏரிகளும் நியூசிலாந்தின் புகாகி, டெகாபோ ஏரிகளும் இந்தக் குடும்பம்.

மாவு வருவதற்குப் பனியாறு உருக வேண்டும். அங்கேதான் நாள்காட்டி வருகிறது. லூயிஸ் ஏரியில் பனிக்கட்டி வழக்கமாக ஜூன் தொடக்கத்தில்தான் உடைகிறது. மே மாதம் போகிறவர் பார்ப்பது வெள்ளைத் தளம். ஜூன் தொடக்கத்தில் போகிறவர் பார்ப்பது கருமை கலந்த தண்ணீர், ஏனென்றால் மாவு இன்னும் வந்து சேரவில்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் நிறம் உச்சம். மொரெய்ன் ஏரி 1,880 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. சாலையே ஜூன் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரைதான் திறந்திருக்கும். 2023 முதல் சொந்த வாகனங்களுக்கு அனுமதியில்லை, பூங்காவின் ஷட்டில் பஸ்ஸிலோ உரிமம் பெற்ற சுற்றுலா வண்டியிலோ போக வேண்டும். ஷட்டில் இருக்கைகளில் ஒரு பகுதியை வசந்த காலத்திலேயே திறந்துவிட்டு, மீதியைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு காலை 8 மணிக்கு விடும் வழக்கம் இருக்கிறது. முதல் சுற்றில் கிடைக்காதவர்கள் அதை மறந்து திட்டத்தையே கைவிடுகிறார்கள்.

மொரெய்னுக்குச் சூரிய உதயத்தில் போக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். மலைச்சிகரங்கள் சிவந்து எரியும் காட்சிக்காக என்றால் சரி. தண்ணீரின் நிறத்துக்காக என்றால் வீண்: அந்த நேரத்தில் ஏரி நிழலில் மந்தமாகக் கிடக்கும். வெயில் நேராகத் தண்ணீரில் விழும் காலை பத்துக்கு மேல் பாருங்கள், கரையில் நிற்காமல் அங்குள்ள பெரிய கற்குவியலின் மேலே ஏறி நின்று பாருங்கள். உயரத்திலிருந்து பார்க்கும்போது மேற்பரப்பின் பளபளப்பு குறைந்து உள்நிறம் தெரியும். பேட்டோ ஏரி எல்லாப் படத்திலும் அவ்வளவு அழகாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதை எல்லோரும் மேலேயிருக்கும் காட்சிமேடையிலிருந்தே பார்க்கிறார்கள். பனியாறு சுருங்கி ஒரு நாள் மறைந்தால் மாவும் நின்றுவிடும், இந்த ஏரிகளும் வேறு நிறமாகிவிடும். போக நினைப்பவர்கள் ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம்.

சுண்ணாம்பு நீலம் இன்னொரு வகை. சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வரும் ஊற்றுநீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, வெளிக்காற்று பட்டதும் படிகமாக இறங்கி, அடித்தரை, விழுந்த மரம், இலை எல்லாவற்றின் மேலும் வெளிர்ப் பூச்சாகப் படிகிறது. மண்துகளையும் சேர்த்து அடியில் கட்டிவிடுவதால் தண்ணீர் பளிங்காகும். சீனாவின் ஜியூசாய்கோ, குரோஷியாவின் பிளிட்விட்சே, அமெரிக்காவின் ஹவாசு அருவி மூன்றும் இதுவே. ஜியூசாய்கோவில் 2017 ஆகஸ்ட் நிலநடுக்கத்தில் ஓர் ஏரியின் இயற்கை அணை உடைந்து தண்ணீர் வடிந்துபோனது. பிறகு சீரமைத்துத் திறந்தார்கள். அங்கே அக்டோபர் இரண்டாம் பாதி இலையுதிர் நிறத்துக்குப் பேர்போனது, கூட்டமும் அப்போதுதான். பூங்காவின் மேல்பகுதி 3,000 மீட்டரைத் தாண்டுவதால் முதல் நாளே மேலே ஓடாமல் கீழ்ப்பகுதியில் தொடங்குவது நல்லது. பிளிட்விட்சேயில் 16 ஏரிகள், நீந்தத் தடை, மரப்பாதையில் நடக்கலாம், அவ்வளவுதான்.

ஹவாசு கொஞ்சம் தனிக் கதை. கிராண்ட் கேன்யனின் கிளைப் பள்ளத்தாக்கு ஒன்றில், ஹவாசுபாய் பழங்குடியினரின் நிலத்தில் இருக்கிறது. பழங்குடி நிர்வாகத்திடம் முன்அனுமதி வாங்க வேண்டும், ஒரே நாளில் போய்வர அனுமதியில்லை. முகாம் இடம் வரை ஒரு வழிக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர் நடை, திரும்பும்போது கடைசிப் பகுதி முழுக்க ஏற்றம். ஜூலை முதல் செப்டம்பர் வரை இடிமழைக் காலம்; மேலே எங்கோ பெய்த மழை பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளமாக வரும், நீல அருவி செம்மண் குழம்பாகும். 2008 வெள்ளத்தில் நவாஹோ அருவி என்ற ஓர் அருவியே இல்லாமல் போய், பக்கத்தில் புதிய அருவிகள் உண்டாயின. ஆகவே ஏப்ரல், மே அல்லது அக்டோபர்.

பருவம் என்பது எவ்வளவு முக்கியம் என்று காட்ட ஒரே ஏரியைச் சொல்ல வேண்டுமானால், தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கேம்பியர் நீல ஏரி. பழைய எரிமலைவாயில் நிற்கும் இந்த ஏரி குளிர்மாதங்களில் சாம்பல் நிறம். நவம்பரில் சில நாட்களுக்குள் பளிச்சென்ற நீலமாகி மார்ச் வரை அப்படியே இருக்கும். கோடையில் மேல்தண்ணீர் சூடாகும்போது கரைந்திருந்த சுண்ணாம்பு நுண்படிகங்களாகப் பிரிந்து நீல ஒளியைச் சிதறடிப்பதுதான் காரணம். ஊரின் குடிநீர் அங்கிருந்து போவதால் இறங்க முடியாது. சுற்றிவர நடைபாதை இருக்கிறது. ஜூலையில் போய்விட்டுப் பெயர் பொய் என்று எழுதுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

எரிமலைப் பகுதிகளில் வேறு வேதியியல் வேலை செய்கிறது. கோஸ்டா ரிகாவின் டெனோரியோ எரிமலைப் பூங்காவில் தெளிந்த இரண்டு ஓடைகள் சேரும் இடத்திலிருந்து திடீரென்று வான்நீலம் தொடங்குகிறது. ரியோ செலெஸ்தே என்று பெயர். ஏதோ உலோகம் கரைந்திருப்பதாக நெடுநாள் பேச்சு. அளந்து பார்த்தபோது தெரிந்தது வேறு: ஒரு ஓடையில் அலுமினியம், சிலிக்கா கலந்த நுண்துகள்கள் மிதக்கின்றன, மற்றதன் அமிலத்தன்மை பட்டதும் அவை ஒன்றோடொன்று ஒட்டி ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிதாகின்றன, அந்த அளவுத் துகள் நீலத்தைச் சிதறடிக்கிறது. அதே தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தால் நிறமே இருக்காது. கனமழை பெய்தால் ஆறு பழுப்பாகிவிடும், மழைக்காட்டில் அது அடிக்கடி நடக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வாய்ப்பு அதிகம். பூங்காவுக்குள் குளிக்க அனுமதியில்லை. ஜப்பானின் பியேய் நீலக்குளமும் ஏறக்குறைய இதே குடும்பம்: டோகாச்சி எரிமலை 1988இல் வெடித்த பிறகு சேற்றுவெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய அணையில் தற்செயலாகத் தேங்கிய தண்ணீர், நிறம் அலுமினியத் துகள்களால். மழைக்கு மறுநாள் கலங்கியிருக்கும், குளிர்காலத்தில் உறைந்து வெள்ளையாகிவிடும்.

ஆழத்தால் வரும் நீலம் என் கணிப்பில் எல்லாவற்றிலும் உயர்ந்தது. துகளும் இல்லை, மணலும் இல்லை, தண்ணீரின் சொந்த நிறம் மட்டுமே. அமெரிக்காவின் ஓரிகனிலுள்ள கிரேட்டர் ஏரி சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலை தனக்குள்ளேயே சரிந்து உண்டானது, ஆழம் 594 மீட்டர். எந்த ஆறும் உள்ளே வருவதில்லை, வெளியே போவதும் இல்லை. மழையும் பனியும்தான் தண்ணீர். மண் வர வழியில்லாததால்தான் அந்த ஆழ்நீலம். விளிம்பைச் சுற்றும் சாலை முழுவதும் திறப்பது பெரும்பாலும் ஜூலையில். ஆகஸ்ட், செப்டம்பரில் காட்டுத்தீப் புகை வந்தால் நிறம் மங்கும், எனவே ஜூலையே மேல். தண்ணீர் வரை இறங்கச் சட்டப்படி ஒரே பாதைதான். சீரமைப்புக்காக அது நீண்டகாலம் மூடப்படுவதுண்டு, கேட்டுக்கொண்டு போங்கள்.

நியூசிலாந்தின் தென்தீவில், நெல்சன் லேக்ஸ் பூங்காவில் இருக்கும் நீல ஏரி, மாவோரிப் பெயரில் ரோடோமைரேவேனுவா, இயற்கை நன்னீர்களிலேயே மிகத் தெளிவானது என்று அறியப்படுவது. தண்ணீருக்குள் கிடைமட்டப் பார்வைத்தூரம் 70 முதல் 80 மீட்டர் வரை அளந்திருக்கிறார்கள். பக்கத்து ஏரியின் தண்ணீர் பாறைச்சரிவின் வழியே வடிகட்டப்பட்டு வருவதுதான் ரகசியம். மாவோரிகளுக்குப் புனிதமான நீர். கால் நனைக்கக்கூட அனுமதியில்லை, சாலையும் இல்லை, போய்ச்சேர இரண்டு நாள் மலைநடை. உறைந்த நீலத்துக்கு ரஷ்யாவின் பைக்கால் ஏரி: பிப்ரவரி கடைசி, மார்ச் மாதங்களில் கண்ணாடி போன்ற நீலப் பனிக்கட்டி. காலணிக்கு அடியில் மாட்டும் முள்தகடு இல்லாமல் அதன்மேல் நடக்காதீர்கள்.

ஒளியின் தந்திரத்தால் மட்டும் நீலமாகும் இடங்களும் உண்டு. இத்தாலியின் காப்ரித் தீவிலுள்ள நீலக்குகைக்கு வாயில் நீர்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். துடுப்புப் படகில் மல்லாந்து படுத்துத்தான் நுழைய முடியும். உள்ளே வரும் ஒளியில் பெரும்பகுதி நீருக்கடியிலுள்ள பெரிய திறப்பு வழியாக வடிகட்டப்பட்டு வருவதால் குகைத் தண்ணீர் அடியிலிருந்து விளக்கேற்றிய மாதிரி எரியும். நடுப்பகலை ஒட்டிய இரண்டு மணி நேரம் நல்லது. கடல் சற்றே எழும்பினாலும் மூடிவிடுவார்கள், எனவே தீவில் ஒரே ஒரு நாள் மட்டும் வைத்துக்கொண்டால் சூதாட்டம். உள்ளே இருக்கப்போவது சில நிமிடங்கள். வெளியே ஆடும் படகில் காத்திருப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டலாம், வயிறு புரட்டுபவர்கள் யோசியுங்கள்.

பெலிஸின் பெரிய நீலத்துளை, சுமார் 300 மீட்டர் அகலம், 120 மீட்டருக்கும் மேல் ஆழம். படகில் போனால் அந்த வட்டம் கண்ணுக்கே தெரியாது; கருநீலக் கடலில் நிற்கிற மாதிரிதான் இருக்கும். வட்டத்தைப் பார்க்கச் சிறு விமானம். தொங்கும் சுண்ணாம்புத் தூண்களைப் பார்க்க முக்குளிப்பவர்கள் 40 மீட்டர் வரை இறங்குகிறார்கள். தொடக்கநிலைச் சான்றிதழின் எல்லை 18 மீட்டர். விமானமா முக்குளிப்பா என்று தீர்மானிக்காமல் படகுப்பயணம் மட்டும் வாங்கினால் பணம் தண்ணீரில் போட்டதுதான்.

இனி எச்சரிக்கை. நீலம் என்றால் சுத்தம் என்று பொருளில்லை. இங்கிலாந்தில் பக்ஸ்டன் ஊருக்குப் பக்கத்தில் கைவிடப்பட்ட சுண்ணாம்புக் குவாரியில் அருமையான மயில்நீலக் குளம் ஒன்று இருந்தது, அதன் பி.ஹெச். 11.3, தோலை அரிக்கும் காரம். பலகை வைத்தும் மக்கள் குளித்துக்கொண்டே இருந்ததால் 2013இல் தண்ணீரில் கருப்புச் சாயம் ஊற்றினார்கள். ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டை 2019இல் 'சைபீரிய மாலத்தீவு' என்று பிரபலமாகி, படம் எடுக்கக் கூட்டம் கூடியது. இந்தோனேசியாவின் காவா இஜென் எரிமலை ஏரியில் இருப்பது கிட்டத்தட்ட பேட்டரி அமிலம். பழைய குவாரி, சுரங்கக் குட்டை, ஆலைக் கழிவுக்குளம் எதுவாக இருந்தாலும், மீனோ செடியோ தவளையோ இல்லாத பளிச்சென்ற நீலத்தில் கைவைக்காதீர்கள்.

கிளம்பும் முன் நிறத்தைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு, ஏனோ அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் பெரும்பாலான இடங்களைச் சுமார் ஐந்து நாளுக்கு ஒருமுறை படமெடுக்கின்றன. கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஏரியைத் தேடி, இயல்நிறக் காட்சியைத் தேர்ந்தெடுத்து, மேகமில்லாத நாட்களை மட்டும் வடிகட்டுங்கள். முதலில் நீங்கள் போகவிருக்கும் அதே வாரம் போன ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் எப்படி இருந்தது என்று பாருங்கள், பிறகு கடைசி இரண்டு வாரம். பனி உருகிவிட்டதா, ஆறு சேற்றைக் கொண்டுவருகிறதா, குட்டை வற்றிவிட்டதா எல்லாம் தெரியும். மிகச் சிறிய குளங்களுக்கு இது உதவாது. படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர்.

அங்கே போன பிறகு: சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும், காலை 10 முதல் 2 வரை. தாழ்வான கோணத்தில் தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு ஒளியைக்கூட அப்படியே திருப்பி அனுப்பிவிடும், அதனால்தான் கரையோரம் நின்று தூரத்தைப் பார்த்தால் வெறும் வானம் தெரிகிறது. ஒரு பாறையோ பாலமோ ஏறினாலே வித்தியாசம் தெரியும். நீர்ப்பரப்பின் பளபளப்பைத் தடுக்கும் போலரைசர் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கேமராவிலும் போலரைசரைத் திருகிப் பாருங்கள். போனில் எடுப்பவர்கள் அந்தக் கண்ணாடியையே லென்ஸ் முன் பிடித்து மெதுவாகச் சுழற்றலாம். வெள்ளைச் சமநிலையை, அதாவது கேமரா நிறங்களைச் சரிசெய்யும் அமைப்பை, தானியங்கியில் விட்டால் கேமரா நீலத்தைக் குறை என்று நினைத்துத் திருத்திவிடும், பகலொளிக்கு மாற்றுங்கள்.

இறங்கி நீந்துபவர்களுக்கு இரண்டு சொல். தெளிந்த தண்ணீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டும்: 4 மீட்டர் ஆழம் மேலிருந்து 3 மீட்டராகத் தெரியும். நீந்தத் தெரியாதவர்கள் "தரை தெரிகிறதே" என்று இறங்குவது இதனால்தான் ஆபத்து. பனியாற்று ஏரிகளிலும் ஊற்றுகளிலும் குளிர் முதல் நிமிடத்திலேயே மூச்சைப் பிடுங்கும். தன்னையறியாமல் வாய் பிளந்து தண்ணீரை இழுத்துவிடுவார்கள், நன்றாக நீந்துபவரும் மூழ்குவது அப்படித்தான். குதிக்காமல், கரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, மூச்சு சீராகும்வரை அங்கேயே இருங்கள். பவளக் கடலில் இறங்குமுன் பூசும் வெயில்காப்புக் களிம்பையும் பாருங்கள்: ஆக்ஸிபென்சோன் கலந்தவற்றைப் பலாவ் 2020இலும் ஹவாய் 2021இலும் தடை செய்துவிட்டன. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் களிம்பின் தேவையே பாதி குறையும்.